வாசகர் கேள்வி – பதில்: சபைக்குள் ஒற்றுமை

வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து தொண்டை கட்டிய நிலையிலேயே பலரும் இம்முறை எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையைச் சொல்கின்றன: ஒரே ஆலயத்தில் ஆராதிக்கிறோம், ஆனால் ஒன்றாக ஒரு வேலையைச் செய்ய முடியவில்லை. நான் இறையியல் படித்தவன் அல்லன். ஈரோடு மாவட்டத்துச் சேகரம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதி) ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் பொருளாளராக இருந்து கணக்கு எழுதியவன். ஆகவே என் பதில்களில் கணக்குப் புத்தகத்தின் வாடை சற்றுத் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் ஏறத்தாழ எண்பது குடும்பங்கள் இருக்கின்றன. சேகரக்குழுத் தேர்தலுக்குப் பிறகு இரண்டு அணிகளாகிவிட்டோம். ஓர் அணியார் ஏற்பாடு செய்யும் கூட்டத்துக்கு மற்ற அணியார் வருவதில்லை. பாடகர் குழு ஒரு பக்கம், வாலிபர் சங்கம் ஒரு பக்கம். ஆயர் ஐயா வாரந்தோறும் ஒற்றுமையைப் பற்றியே பிரசங்கிக்கிறார், ஒன்றும் மாறவில்லை. என்ன செய்யலாம்?
— சபை அங்கத்தினர் ஒருவர், கோபிசெட்டிபாளையம்

முதலில் உங்கள் ஆயரிடம் ஒரு விண்ணப்பம் வையுங்கள்: ஆறு மாத காலத்துக்கு ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கிக்க வேண்டாம். குறும்புக்காக இதைச் சொல்லவில்லை. பிளவுபட்ட சபையில் அந்தப் பிரசங்கத்தைக் கேட்கும் ஒவ்வொருவரும், அது எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்காகச் சொல்லப்பட்டது என்றே எடுத்துக்கொள்கிறார். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, "இன்னைக்கு அவிங்களுக்கு நல்லா உறைக்கற மாதிரி சொன்னாருங்க" என்று இரு அணியாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வீடு திரும்புவதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

சபை பிளவுபட்டால் அன்பு குறைந்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்த வரையில் காரணம் பெரும்பாலும் அதைவிடச் சிறியது, கையில் எடுத்துக் காட்டக்கூடியது: படிக்கப்படாத ஒரு கணக்கு, கேட்காமல் எடுத்த ஒரு முடிவு, ஒரே வீட்டில் மாட்டியிருக்கும் பீரோ சாவி.

அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எருசலேம் சபையில் எபிரெயர், கிரேக்கர் என்று இரு மொழிக்காரர் இருந்தார்கள். அன்றாட விசாரிப்பில் கிரேக்கரின் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அந்த முறுமுறுப்பைப் பாவம் என்று கண்டிக்கவும் இல்லை, முறையிட்டவர்களின் ஆவிக்குரிய நிலையைச் சோதிக்கவும் இல்லை; சபையாரைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். எபிரெயரிலும் சிலருக்குக் கிரேக்கப் பெயர் உண்டு என்றாலும், ஏழு பெயரும் அப்படி அமைந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. எந்தப் பக்கத்தில் மனக்குறை இருந்ததோ அந்தப் பக்கத்தாரின் கைக்கே பந்தியின் பொறுப்பு போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் சபைகளிலோ குறை சொன்னவரைப் 'பிரச்சினை பண்றவர்' என்று முத்திரை குத்தி, அடுத்த கமிட்டியில் அவர் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறோம்.

என் தவறு ஒன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆண்டு அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலம் அமோகமாக நடந்தது. ஏலம் எடுத்தவர்கள் அடுத்த ஞாயிறு பணம் கட்டுவது எங்கள் வழக்கம். சேவல் எடுத்தவர் கட்டினார், பூசணிக்காய் எடுத்தவர் கட்டினார். நாட்டுச் சர்க்கரை மூட்டையையும் வாழைத்தார்களையும் ஊரறியப் பெருந்தொகை கூவி எடுத்த மூன்று நான்கு பெரியவர்கள் மட்டும் கட்டவில்லை. அவர்களிடம் கேட்க எனக்குக் கூச்சம். கணக்கைப் படித்தால் அவர்கள் பெயர் வெளியே வந்துவிடும் என்பதால், அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் ஆலய வாசலில் வயதான அம்மா ஒருவர் என்னை நிறுத்தி, "ஏனுங் தம்பி, அந்தச் சேவக் காசெல்லாம் என்னாச்சுங்?" என்று கேட்டார். அதற்குள் ஏலப்பணத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்ற பேச்சு பரவி, அந்த மாதம் என் வீட்டுக்கு வெள்ளையடித்ததே அதற்குச் சாட்சியாகவும் ஆகியிருந்தது. என் பக்கம் பேச ஒரு கூட்டம், எதிராகப் பேச ஒரு கூட்டம் என்று சபையே இரண்டாக நின்றது. கோபத்தில் அன்றைக்கே பாக்கி வைத்தவர்களின் பட்டியலை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இரண்டு ஞாயிறுக்குள் பணம் முழுவதும் வந்துவிட்டது. ஆனால் ஒரு குடும்பம் மனம் புண்பட்டு வேறு சபைக்குப் போயிற்று, இன்று வரை திரும்பவில்லை. முதல் வாரமே அவர்கள் வீட்டுக்குத் தனியாகப் போய்க் கேட்டிருக்க வேண்டும். மத்தேயு 18:15 சொல்லும் முறையும் அதுதான். கூச்சத்தால் மூன்று மாதமும், கோபத்தால் ஒரே நாளும் எடுத்துக்கொண்டேன். இரண்டு அளவும் தவறு.

உங்கள் சபைக்கு வருகிறேன். தேர்தலில் வென்ற அணியார் முதல் அடி வைக்க வேண்டும். தோற்றவர்கள் வைத்தால் அது சரணடைவது போலத் தோன்றும். மாதத்தின் முதல் ஞாயிறு, ஐந்து நிமிடத்தில், வரவு செலவைச் சபை முன்பு படியுங்கள். உள்தணிக்கையைத் தோற்ற அணியில் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள். இதில் வென்றவர்களுக்கு நயாபைசா நட்டமில்லை, கணக்கு நேராக இருக்கும் பட்சத்தில்.

ஆலயத்தின் அரங்கை யார் எப்போது பயன்படுத்துவது, பண்டிகை ஆராதனைகளில் யார் பாடுவது என்பவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே முறை வைத்து எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் வட்டாரத்துக்குக் கீழ்பவானி வாய்க்காலை நான் விளக்கத் தேவையில்லை. இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர் பாசனத்தை ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் போகத்துக்கும் மறு பாதிக்கு இரண்டாம் போகத்துக்கும் தண்ணீர் விடுகிறார்கள். அந்த வாய்க்கால்கரை விவசாயிகள் எல்லோரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்த மதகு எப்போது திறக்கும் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் அந்த ஏற்பாடு நிற்கிறது.

சமாதானக் கூட்டம் என்ற பெயரில் இரு அணியையும் உட்கார வைத்துப் பேச வைப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பேச்சு பெரும்பாலும் பழைய கணக்கைத்தான் கிளறும். அதற்குப் பதிலாகக் கையால் செய்யும் வேலை ஒன்றைக் கொடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் வேலிகாத்தான் முள் மண்டியிருந்தால் அது போதும். நெகேமியா மூன்றாம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போய்விடுகிறோம். எருசலேம் அலங்கத்தில், அதாவது நகர மதிலில், யார் எந்தத் துண்டைக் கட்டினார் என்ற விவரம் அது. ஆசாரியர், பொற்கொல்லர், வாசனைத் தைலம் செய்பவர், சல்லூமும் அவன் குமாரத்திகளும் என்று எல்லோரும் அதில் உண்டு. பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியையே கட்டினார்கள். தெக்கோவா ஊரின் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை என்று ஐந்தாம் வசனம் பெயரைச் சொல்லாமல் ஊரைச் சொல்லிக் குறித்துவைக்கிறது. ஆனால் அதே ஊரின் சாதாரண மக்கள் தங்கள் பங்கை முடித்து இன்னொரு பங்கையும் கட்டினார்கள் என்று இருபத்தேழாம் வசனம் சொல்கிறது. பிரபுக்கள் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு நாளில் அலங்கம் முடிந்தது.

நான் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்து பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வேலை செய்கிறேன். எங்கள் சபையில் பாதிப் பேர் என்னைப் போல் தென்மாவட்டத்துக்காரர்கள். பந்தல் போட, நாற்காலி எடுத்துப்போட எங்களைக் கூப்பிடுகிறார்கள், கமிட்டிக்குக் கூப்பிடுவதில்லை. 'வந்தவங்க' என்றே இன்னும் சொல்கிறார்கள். இது ஒற்றுமையா?
— வாசகர், திருப்பூர்

இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் ஆலயத்தில் நாற்காலி சுமந்தவரை 'வந்தவர்' என்று சொல்வது வெட்கப்பட வேண்டிய செயல்.

ஆனாலும் அவர்கள் பக்கத்து மனநிலையையும் ஒரு கணம் பாருங்கள். லண்டன் மிஷன் சங்கத்தார் கோயம்புத்தூரில் ஊழியம் தொடங்கியது 1830இல். அதன் பின் இந்தப் பகுதியில் எழுந்த பல சிற்றாலயங்களை அந்தந்த ஊர்க்காரர்களே கல்லும் மண்ணும் சுமந்து கட்டினார்கள். "எங்க அப்பாரு சுமந்த கல்லுங்க இது" என்று சொல்பவருடைய பெருமையில் ஒரு பயமும் கலந்திருக்கிறது: எண்ணிக்கையில் பெருகிவரும் உங்களிடம் ஆலயம் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை வாதத்தால் போக்க முடியாது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் சபை அங்கத்துவம் எங்கே இருக்கிறது? தெற்கிலிருந்து வந்த நண்பர்கள் பலர் சந்தாவைச் சொந்த ஊர்ச் சபையிலேயே கட்டிக்கொண்டு, பொது விருந்தான அசனப் பண்டிகைக்கு ஊருக்குப் போய்வருவதை நான் அறிவேன். ஊர்ப்பற்று நல்லதுதான், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெயர் அங்கேயும் உரிமை இங்கேயும் என்று இரண்டையும் கேட்க முடியாது. ஊர் ஆயரிடம் மாற்றுக் கடிதம் வாங்கிவந்து திருப்பூர்ச் சபையின் பதிவேட்டில் குடும்பத்தோடு பெயரைச் சேர்த்துவிட்டு, அதன்பின் கமிட்டியில் இடம் கேளுங்கள். அப்போது உங்களை மறுக்க ஒரு நியாயமும் இருக்காது.

உங்கள் சபைக் கமிட்டியாரும் இதைப் படிப்பார்கள் என்றால் அவர்களுக்கும் ஒரு சொல். கூட்டத்தைச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்துவிட்டு, 'தெற்கத்திக்காரங்க யாரும் வர்றதில்லைங்க' என்று சொல்லாதீர்கள். சனிக்கிழமை பட்டுவாடா நாள். சம்பளம் கைக்கு வருமுன் ஓவர்லாக் டேபிளை விட்டு யாரும் எழ மாட்டார்கள். வாங்கிய பிறகு நேரே சந்தைக்குத்தான் போவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் ஆலயங்களின் கடைசி வரிசையில் இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் தமிழ் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் உங்களில் யாராவது பேசியிருக்கிறீர்களா? 'வந்தவங்க' என்ற சொல்லை அவர்களைப் பற்றி நீங்களே சொல்லத் தொடங்கியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எங்கள் சபையில் ஒருவரே எல்லா வேலையையும் செய்கிறார். மைக் செட், பூ அலங்காரம், வி.பி.எஸ். என்ற சிறுவர் விடுமுறை வேதப்பள்ளி, கேரல் எல்லாம் அவர்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறோம் என்று குறைபட்டுக்கொள்கிறார். நாங்கள் உதவிக்குப் போனால் 'நீங்க செஞ்சா சரியா வராதுங்க' என்கிறார்.
— வாசகி, மேட்டுப்பாளையம்

அவர் உண்மையாகவே உழைப்பவர் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த நன்றியைச் சபை முன்பு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அவரிடம், 'நாங்கள் உதவுகிறோம்' என்று கேட்காமல், 'இதை எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள்' என்று கேளுங்கள். உதவிக்கு வருபவரை விரட்டுபவர்கூட மாணவரை விரட்டுவது கடினம். முதல் ஆண்டு மைக் செட் கரகரவென்று இரையும், பூ சாய்ந்து நிற்கும். சபை அதைப் பொறுக்க வேண்டும். மோசே காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்ததைப் பார்த்த அவர் மாமனார் எத்திரோ, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று சொன்னதாக யாத்திராகமம் 18 கூறுகிறது. மாமனார் சொல்லை மறுபேச்சின்றி மருமகன் கேட்டது அந்த அதிகாரத்தின் இன்னோர் அற்புதம்.

ஊரில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே என்று மூன்று வகைச் சபைகளும் உள்ளன. எல்லோரும் சேர்ந்து ஒரே கிறிஸ்துமஸ் விழா நடத்தலாம் என்று இளைஞர்கள் ஆசைப்படுகிறோம். பெரியவர்கள் 'உபதேசம் வேறுங்க' என்று தடுக்கிறார்கள். சபைகள் உண்மையிலேயே ஒன்றுசேர முடியுமா?
— வாலிபர் சங்கத்தார், தாராபுரம்

முடியும் என்பதற்குச் சி.எஸ்.ஐ. என்ற பெயரே சாட்சி. எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கும் அதுவே சாட்சி. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள், வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர், பிரிந்து நின்று சுவிசேஷம் சொல்வது பொருந்தாது என்று அறிக்கை விட்டார்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையின் தென்னிந்தியத் திருமண்டலங்களும் (ஒவ்வொன்றும் ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி), மெதடிஸ்ட் திருச்சபையின் தென்னிந்திய மாகாணமும், தென்னிந்திய ஐக்கிய சபையும் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானது 1947 செப்டம்பர் 27 அன்று. இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள்.

அத்தனை ஆண்டு எதைப் பேசினார்கள் என்பதுதான் நாம் கற்க வேண்டியது. பேராயர் கையால் அபிஷேகம் பெறாத ஊழியரை ஊழியர் என்று ஏற்கலாமா என்பதே முட்டிக்கொண்டு நின்ற கேள்வி. கடைசியில், ஏற்கெனவே இருக்கும் ஊழியர் எவருக்கும் மறு அபிஷேகம் வேண்டாம், இனிமேல் அபிஷேகம் பெறுவோர் அனைவரும் பேராயர் கையால் பெறுவார்கள், இரண்டு நிலையும் ஒன்றாகக் கலக்க முப்பது ஆண்டு அவகாசம் என்று முடிவு கட்டினார்கள். ஒரு சபை மனச்சாட்சிப்படி ஏற்க இயலாத ஊழியரை அதன்மேல் திணிப்பதில்லை என்ற வாக்குறுதியும் எழுத்தில் இருந்தது. யாரும் தம் பழைய சபையைத் தவறென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியும் நந்தியாலில் ஆங்கிலிக்கன் சபையாரில் ஒரு பகுதியினர் வெளியே நின்றார்கள். லுத்தரன்களும் பாப்டிஸ்டுகளும் இணையவில்லை. 1950இல் கோயம்புத்தூருக்கு முதல் பேராயராக ஏ.ஜே. அப்பாசாமி பொறுப்பேற்றபோது, புதிய திருமண்டலத்துக்கு வயது தொடங்கியது. கூடி வாழப் பழகும் வேலையும் அப்போதுதான் தொடங்கியது.

ஆர்.சி. சபையாரோடு உள்ள இடைவெளி இன்னும் பெரிது. அதை மழுப்ப வேண்டாம். திருவிருந்தில் ஒன்றாகப் பங்கு பெற முடியாது என்பது அவர்கள் சட்டம். ஆனால் 1995இல் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து வேதாகமத்துக்குப் பொது மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். என் வயதுக் கத்தோலிக்க நண்பர்கள் சிறுவயதில் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று சொல்லி வளர்ந்தவர்கள். பொது மொழிபெயர்ப்பில் அவர்கள் பேதுருவுக்கும் பவுலுக்கும் யோவானுக்கும் பழகிக்கொண்டார்கள். நம் பக்கத்தில்தான் 'தேவன்', 'கர்த்தர்' போய் 'கடவுள்', 'ஆண்டவர்' வந்ததை ஏற்க மனமில்லாமல் இன்றும் பெரும்பாலும் பழைய திருப்புதலையே வாசிக்கிறோம். யார் அதிகம் விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் நமக்குக் கொஞ்சம் சங்கடமான பதில்தான் வரும்.

உங்களுக்கு என் யோசனை: விழாவை விட்டுவிடுங்கள். மேடை என்று வந்தால் யார் முதலில் பேசுவது, யார் பெயர் நோட்டீஸில் மேலே வருவது என்ற தகராறும் கூடவே வரும். கிறிஸ்தவ ஐக்கிய ஜெப வாரம் என்று ஜனவரி 18 முதல் 25 வரை உலகின் பல பகுதிகளில் அனுசரிக்கிறார்கள். அந்த வாரத்தில் ஒரு மாலை, மூன்று இடத்து இளைஞரும் தாலுகா ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக வந்து தங்கியிருப்போருக்கு இரவுச் சாப்பாடு கொண்டுபோங்கள். அரிசிம்பருப்புச் சாதத்தில் உபதேச வேற்றுமை இல்லை.

சபையில் பதவி, கல்யாணம், கல்லறை எல்லாவற்றிலும் சாதி இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒற்றுமை என்று பேசுவது பாசாங்கு இல்லையா?
— பெயர் வேண்டாம், ராசிபுரம்

ஆம், பாசாங்குதான். இதற்கு மென்மையான பதில் என்னிடம் இல்லை.

இது பழைய வழக்கு. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சாதியை விடாதவரைச் சபையில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்து, அதற்குச் சோதனையாக வைத்தது சாப்பாட்டை: தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை மற்றவரோடு உட்கார்ந்து உண்ண வேண்டும். லைப்சிக் லுத்தரன் மிஷன் அதில் சேரவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம், படிப்படியாகத்தான் போகும் என்றது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, படிகள் இன்னும் இறங்கி முடியவில்லை.

சாப்பாட்டைச் சோதனையாக வைத்ததில் ஒரு கூர்மை இருந்தது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்து, யாக்கோபிடத்திலிருந்து யூத ஆட்கள் வந்தவுடன் விலகிக்கொண்டதை, எல்லோருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்ததாகப் பவுல் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அங்கே பேதுருவின் உபதேசம் பிழைபடவில்லை, எழுந்துபோன இடம்தான் பிழை. ஆகவே உங்கள் சபையின் பண்டிகைச் சாப்பாட்டில், அடுப்படியில் கரண்டி பிடிப்பவர் யார், பந்தியில் பரிமாறுபவர் யார், கடைசியில் பாத்திரம் தேய்க்க உட்காருபவர் யார் என்று ஓர் ஆண்டு கவனியுங்கள். ஆண்டுதோறும் ஒரே தெருக்காரர் தேய்க்கிறார் என்றால், அதைச் சபை மன்றத்தில் எழுந்து அப்படியே சொல்லுங்கள். முறைப்பட்டியல் போடச் சொல்லி, முதல் பெயராக உங்கள் பெயரைக் கொடுங்கள். கல்லறையில் வரிசை எண்படி அடக்கம் என்று தீர்மானம் கேளுங்கள். கல்யாணத்தைத் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது. ஆனால் சாதி கடந்து மணந்து வந்த பிள்ளைகளை ஆலயத்தில் முதல் வரிசையில் உட்காரவைக்கச் சபையால் முடியும். இதனால் சபை பிளவுபடும் என்பார்கள். பிளவு ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சொன்னவர்மேல் பழி வரும், அவ்வளவுதான்.

சபைக்கு வாட்ஸ்அப் குழு ஒற்றுமையை வளர்க்குமா?
— வாசகர், பொள்ளாச்சி

அறிவிப்புக்கு நல்லது, ஜெபக்குறிப்புக்கு நல்லது, இரத்தம் தேவைப்படும் அவசரத்துக்கு மிக நல்லது. மனத்தாங்கலைப் பேச மட்டும் ஆகாது. இரவு பத்து மணிக்கு மேல் எழுதும் எதையும் காலையில் ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள். குழுவிலிருந்து கோபித்து வெளியேறியவரை மறுபடி இணைத்துவிட்டால் போதும் என்று நினைக்காமல் போன் செய்யுங்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நானும் இன்னொரு அக்காவும் பத்து ஆண்டுகள் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக வீடு சந்தித்தோம். போன அறுப்பின் பண்டிகையில், அடி பிடித்த சாம்பாருக்கு யார் காரணம் என்ற பேச்சில் தொடங்கி இப்போது முகம் பார்ப்பதில்லை. சங்கமும் இரண்டுபட்டு நிற்கிறது. சங்கத்துக்காக அவர் கொடுத்த பெரிய அண்டா இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடலாமா?
— வாசகி, பெருந்துறை

பிலிப்பி சபையிலும் உங்களைப் போல் இருவர் இருந்தார்கள்: எயோதியாள், சிந்திகேயாள். சுவிசேஷ விஷயத்தில் தன்னோடு கூடப் பிரயாசப்பட்டவர்கள் என்று பவுல் அவர்களை மெச்சுகிறார். அதே மூச்சில் ஒரே சிந்தையாயிருக்கும்படி கேட்கிறார். கவனியுங்கள், 'இருவருக்கும் புத்திசொல்லுகிறேன்' என்று அவர் சேர்த்து முடிக்கவில்லை. எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன் என்று தனித்தனியாகச் சொல்கிறார். யார் பக்கம் தவறு என்று ஒரு சொல் இல்லை. அவர்கள் சண்டையின் காரணம் என்ன என்பதும் நமக்குத் தெரியாமலே போய்விட்டது. ஒருவேளை அதுவும் சாம்பார்தானோ என்னவோ. உத்தம கூட்டாளி ஒருவரை அழைத்து, அவர்களுக்கு உதவும்படியும் கேட்டுக்கொள்கிறார். உங்கள் சங்கத்திலும் இரு பக்கமும் சேராத மூத்தவர் ஒருவர் இருப்பார். தேவைப்பட்டால் அவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அண்டாவை யாரிடமும் கொடுத்து அனுப்பாதீர்கள். அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, நீங்களே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள். அந்த அளவு அண்டா ஓர் ஆளால் இறக்க முடியாதது. வாசலில் நின்று, "அக்கா, ஒரு கை பிடிங்க" என்று கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.